ராக்கெட் இல்லாத ஊரில் செயற்கைக்கோள் அனுப்புவது எப்படி?

சிங்கப்பூரின் ஆயர் ராஜாவில், புது நிறுவனங்கள் குடியிருக்கும் பிளாக் 71-ஐச் சுற்றியுள்ள கட்டடங்களுக்கு ‘லாஞ்ச்பேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏவுதளமாம். அங்கிருந்து இதுவரை ஒரு ராக்கெட்டும் கிளம்பியதில்லை, இனியும் கிளம்பாது. வடக்கே ஜோகூர், தெற்கே பாத்தாம், தலைக்கு மேலே சாங்கியில் இறங்கக் காத்திருக்கும் விமானங்கள். இந்த ஊரில் எதை எங்கே வைத்து ஏவுவது? ஆனாலும் சிங்கப்பூரின் செயற்கைக்கோள்கள் மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அதிலும் நிறைய நம் சென்னைக்கு வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 2011 ஏப்ரல் 20-இல் எக்ஸ்-சாட் போனது. 2015 டிசம்பர் 16-இல் இந்தியாவின் ஒரே பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சிங்கப்பூரின் ஆறு கோள்கள் போயின. 2023-இல் மட்டும் ஏப்ரலில் டெலியோஸ்-2, ஜூலையில் டிஎஸ்-சார் என்று இரண்டு பெரிய கோள்களும், அவற்றோடு ஒட்டிக்கொண்டு பல சின்னக் கோள்களும்.

நான் பொறியாளன் இல்லை. சின்ன நிறுவனங்களுக்கு உரிமம், அனுமதி, சுங்கம் என்று தாள் வேலை பார்த்துக் கொடுப்பவன். போன மாதம் தேக்காவில் ஒரு கோப்பிக்கடையில் மூன்று தம்பிகளைச் சந்தித்தேன். மலாக்கா நீரிணையில் போகும் கப்பல்களை மேலிருந்து கண்காணிக்க ஒரு கியூப்சாட், அதாவது ஒரு ரொட்டிப் பாக்கெட் அளவுக்குச் செயற்கைக்கோள், அனுப்பப் போகிறார்களாம்.

“அண்ணே, டிசைன் முடிஞ்சிருச்சு. ரேடியோகூட வாங்கியாச்சு. பதினாலு மாசத்துல லாஞ்ச். லைசன்ஸ் எங்க வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“ரேடியோ எந்த அலைவரிசைக்கு வாங்குனீங்க?”

“437 மெகாஹெர்ட்ஸ். யுனிவர்சிட்டில அதைத்தான் போட்டோம்.”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். 435 முதல் 438 வரை அமெச்சூர் வானொலிக்காரர்களின் செயற்கைக்கோள்களுக்கான பட்டை. படிக்கிற பிள்ளைகள் ஆராய்ச்சிக்குப் போடலாம். கப்பல் கம்பெனியிடம் காசு வாங்கித் தகவல் விற்பவர் அந்தப் பக்கமே போகக்கூடாது. வாங்கிய ரேடியோ வீண். அன்றைக்கு அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை எழுதும் வரையில் சிங்கப்பூரில் விண்வெளிக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ‘விண்வெளி உரிமம்’ என்று ஒற்றைத் தாளும் கிடையாது. நாலு வாசல் ஏறி இறங்க வேண்டும். எந்த வாசல் முதலில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அரசுக்கு இதில் என்ன கவலை?

பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். இது புரிந்தால்தான் அதிகாரி ஏன் இந்தக் கேள்வியைக் கேட்கிறார் என்பது புரியும்.

1967-இல் வந்த விண்வெளி ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு, ஒரு நாட்டின் தனியார் விண்வெளியில் செய்வதற்கும் அந்த நாடே பொறுப்பு என்கிறது. அனுமதி கொடுக்க வேண்டும், கொடுத்தபின் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். பிள்ளை அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்தால் அப்பா போய் நிற்கிற மாதிரிதான். கப்பல் தொழிலில் பனாமாக் கொடியைக் கட்டிக்கொண்டு போய்விடலாம், மேலே அப்படி நழுவ முடியாது. 1972-இன் பொறுப்பு உடன்படிக்கை இதைக் காசுக் கணக்காக்கியது. கோளின் துண்டு தரையிலோ பறக்கும் விமானத்திலோ விழுந்து சேதமானால், தவறு யாருடையது என்ற கேள்வியே இல்லை, ஏவிய நாடு கொடுக்க வேண்டும். விண்வெளியில் இரண்டு கோள்கள் மோதினால்தான் தவறு யாருடையது என்று பார்ப்பார்கள்.

‘ஏவிய நாடு’ என்றால் ராக்கெட் கிளம்பிய நாடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏவச் சொல்லி ஏற்பாடு செய்த நாடும் அதில் சேரும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து உங்கள் கோள் போனால் இந்தியாவும் மாட்டும், சிங்கப்பூரும் மாட்டும். இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 1978 ஜனவரியில் சோவியத்தின் காஸ்மாஸ் 954, உள்ளே அணு உலையோடு, கனடாவின் வடக்கே சிதறி விழுந்தது. கனடா 60 லட்சம் கனடிய டாலருக்கு மேல் கேட்டது, கடைசியில் 1981-இல் 30 லட்சம் கிடைத்தது. உங்கள் நாலு கிலோ பெட்டி தரைக்கு வராமலே எரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதை நீங்கள் வாயால் சொன்னால் போதாது, கணக்கோடு காட்ட வேண்டும் என்று அரசு கேட்பதற்கு இதுதான் காரணம்.

முதல் படி: நிறுவனம், அப்புறம் ஒரு தொலைபேசி

நிறுவனப் பதிவில் சிக்கல் இல்லை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பெயருக்கு 15 சிங்கப்பூர் வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். வேலை விசாவில் வந்தவர்கள், சொந்தக் கம்பெனியில் இயக்குநராகும் முன் மனிதவள அமைச்சின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த வாரமே விண்வெளித் தொழில்நுட்ப, தொழில்துறை அலுவலகத்தோடு பேசுங்கள். சுருக்கமாக ஓஸ்டின் என்பார்கள். 2013-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் கீழ் தொடங்கியது, 2026 ஏப்ரல் முதல் அதன் இடத்தில் தேசிய விண்வெளி முகவை என்று அறிவித்தார்கள். அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகையும் அமைச்சும் அவ்வப்போது மாறும், ஆகவே போகும் முன் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரோடு தொடர்புள்ள விண்வெளி நடவடிக்கைகளுக்கு ஓஸ்டின் வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. தனிச் சட்டம் இல்லாத நேரத்தில் அதுதான் உங்கள் கைவிளக்கு. கோள் யாருடையது, எந்தப் பாதை, யார் இயக்குவார், முடிவில் என்ன ஆகும் என்ற விவரங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாரியைப் பார்த்தால் பயம் வேண்டாம். என் அனுபவத்தில், எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கடைசியில் வந்து நிற்பவர்களைக் கண்டால்தான் அவர்களுக்கு எரிச்சல்.

இரண்டாம் படி: அலைவரிசை. எல்லாவற்றுக்கும் முன்பு இது

அந்தத் தம்பிகள் தடுக்கி விழுந்தது இங்கேதான். பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

கோள் பேச வேண்டும், பேச அலைவரிசை வேண்டும். உலக அளவில் அதைப் பங்கிடுவது ஜெனீவாவிலுள்ள ஐடியூ, அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது தனியார் நிறுவனத்தோடு நேரடியாகப் பேசாது, நாடுகளோடு மட்டும்தான் பேசும். சிங்கப்பூருக்காகப் பேசுவது ஐஎம்டிஏ, தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். ஆக உங்கள் விண்ணப்பம் ஐஎம்டிஏவுக்குப் போகும், அவர்கள் பார்த்துத் திருப்தியானால் ஐடியூவுக்கு அனுப்புவார்கள். அங்கே முன்னறிவிப்பு வெளியாகும். மற்ற நாடுகள் அதைப் படித்து, ‘உங்கள் கோள் எங்கள் கோளுக்கு இடைஞ்சல்’ என்று எழுதலாம். எழுதினால் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். அதற்குப் பின்புதான் அறிவிக்கையும் பதிவும்.

இது மாதக் கணக்கில் ஓடும். சில பட்டைகளில் வருடக் கணக்கில். பதிவு செய்த அலைவரிசையை 7 ஆண்டுகளுக்குள் உண்மையாகவே பயன்படுத்தத் தொடங்கவில்லை என்றால் உரிமை போய்விடும், ஆகவே ரொம்ப முன்னாலேயே துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பதும் நடக்காது. சின்னக் கோள்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 2019-இல் நடந்த உலக வானொலி மாநாட்டில் குறுகிய காலப் பயணங்களுக்கென்று எளிய நடைமுறை கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் போகாத, பத்துக் கோளுக்கு மேல் இல்லாத திட்டங்களுக்கு அது பொருந்தும். முதல் கோளைச் சோதனைக்கு மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தரையில் ஆன்டெனா வைத்தால் அதற்கும் ஐஎம்டிஏவிடம் தனி உரிமம். கோளிலிருந்து வரும் தகவலை வைத்து இங்கே தொலைத்தொடர்புச் சேவை விற்றால் அதற்கு வேறு உரிமம். வீட்டு மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வீவக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடியில், இருந்துகொண்டு கேட்ட கேள்வி. தரைநிலையத்தை வாடகைக்கு எடுங்கள், மணிக்கணக்கில், நிமிடக் கணக்கில் தருகிறார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, ‘நாலு கிலோ பெட்டியை யார் கவனிக்கப் போகிறார்கள்?’ என்று நினைப்பவர்களுக்கு ஸ்வார்ம் கதை. அமெரிக்காவின் ஸ்வார்ம் டெக்னாலஜிஸ் உள்ளங்கையில் அடங்கும் நாலு கோள்கள் செய்தது. இத்தனை சின்னதை ராடாரில் பின்தொடர முடியாமல் போகலாம் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அனுமதி மறுத்தது. மறுத்த பிறகும் 2018 ஜனவரியில் பிஎஸ்எல்வியில் அந்த நாலும் போய்விட்டன. அதே ஆண்டு டிசம்பரில் 9 லட்சம் அமெரிக்க டாலர் அபராதம். கவனியுங்கள், ஏவியது இந்தியா, தண்டித்தது அமெரிக்கா. இப்போது ஏவும் இடங்களில் முதலில் கேட்பது உங்கள் அலைவரிசைத் தாளைத்தான்.

மூன்றாம் படி: பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உத்திபூர்வப் பொருள்கள் (கட்டுப்பாட்டு) சட்டம், 2003 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. நடத்துவது சிங்கப்பூர்ச் சுங்கத்துறை. ஏவுகணைக்கும் ஆயுதத்துக்கும் உதவக்கூடிய பொருள்கள் எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் கருவி, சின்ன உந்துபொறி, கதிர்வீச்சைத் தாங்கும் சில்லு எல்லாமே அதில் வரலாம். கோளை முடித்துப் பெட்டியில் அடைத்த பிறகு பட்டியலைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு பாகமும் வாங்கும்போதே, விற்பவரிடம் அதன் கட்டுப்பாட்டு எண்ணைக் கேட்டு ஒரு எக்ஸெல் தாளில் எழுதிவையுங்கள்.

பொருள் மட்டுமல்ல, தகவலும் ஏற்றுமதிதான். கட்டுப்பாட்டில் உள்ள வரைபடத்தை பெங்களூரில் இருக்கும் நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அதற்கும் அனுமதி வேண்டியிருக்கும். வாட்சப் குழுவில் போடுவதும் இதில் சேர்த்திதான். இதைச் சொன்னபோது தம்பிகளில் ஒருவர் மெதுவாக போனை எடுத்து எதையோ அழித்தார். அழித்தால் சரியாகிவிடாது தம்பி, போய் முறையாகக் கேளுங்கள் என்றேன்.

அமெரிக்கப் பாகம் இருந்தால் இன்னொரு முடிச்சு. அதை இங்கே வாங்கி, இந்தியாவில் ஏவினாலும், அமெரிக்க விதி அந்தப் பாகத்தோடு கூடவே வரும். ஏவும் நாட்டின் பெயரைச் சொல்லி மறுஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டிய நிலை வரலாம்.

நான்காம் படி: காசு எங்கிருந்து வரும்?

கட்டுப்பாடு ஒரு கை, ஊக்குவிப்பு மறு கை. அரசுகள் ஊக்குவிப்பது பெரும்பாலும் மூன்று வழியில்: மானியம் கொடுப்பது, தானே வாடிக்கையாளராக வருவது, ஆபத்தில் பங்கெடுப்பது. எனக்கு மானியத்தைவிட இரண்டாவதில்தான் நம்பிக்கை.

மானியத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2022-இல் விண்வெளித் தொழில்நுட்ப மேம்பாட்டுத் திட்டத்துக்கு 150 மில்லியன் வெள்ளி என்று அறிவித்தார்கள். 2025-இல் இன்னும் 60 மில்லியன். இது ஆராய்ச்சிக்கான காசு. உங்கள் கோளில் புதிதாக ஒரு நுட்பம் இருந்தால் கேளுங்கள், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. ‘ஏவுவதற்குக் கட்டணம் கொடுங்கள்’ என்று போய் நிற்காதீர்கள்.

வாடிக்கையாளராக வருவதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் நாசா. 2006-இல் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக நீங்களே வண்டி செய்யுங்கள், மைல்கல் தாண்டத் தாண்டக் காசு தருகிறோம் என்றார்கள். 2008 டிசம்பரில் ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி டாலர், ஆர்பிட்டல் சயன்ஸுக்கு 190 கோடி டாலர் என்று சரக்கு ஒப்பந்தம். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட் நாலாவது முயற்சியில் முதல்முறை சுற்றுப்பாதையைத் தொட்டிருந்தது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இன்று அந்தப் பெயரை யார் சொல்லியிருப்பார்?

இங்கே அதே யோசனை சின்ன அளவில் இருக்கிறது. டிஎஸ்-சார் கோளைத் தற்காப்பு அறிவியல், தொழில்நுட்ப முகவையும் எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனமும் சேர்ந்து செய்தன. அரசு அமைப்புகளுக்கு வேண்டிய படங்கள் போக மற்ற படங்களை நிறுவனம் வாடிக்கையாளருக்கு விற்கிறது. 360 கிலோ, பூமத்திய ரேகையை ஒட்டி 5 டிகிரி சாய்வில், 535 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஏன் அந்தப் பாதை? துருவத்தைச் சுற்றும் கோள் ஒரே இடத்துக்குத் திரும்பி வர நாளாகும். ரேகையை ஒட்டிச் சுற்றுவது சுமார் நூறு நிமிடத்துக்கு ஒருமுறை நம் தலைக்கு மேல் வரும். அது ரேடார் கோள் என்பதால் நம் ஊர் மேகமும் அதற்குத் தடையில்லை. கப்பல்களைப் பார்க்க நினைக்கும் அந்தத் தம்பிகளுக்கு இதைச் சொன்னேன். அரசு தனக்காகத் தேர்ந்தெடுத்த பாதையைப் பார்த்தாலே அதற்கு என்ன தகவல் வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தத் தகவலில் ஒரு துண்டை நீங்கள் மலிவாகக் கொடுக்க முடியுமா? அதை யோசித்துவிட்டு மானியப் படிவத்தைத் திறங்கள்.

இடம் மட்டும் கொடுத்தால் நிறுவனம் தங்கிவிடாது என்பதற்கும் இங்கே சாட்சி இருக்கிறது. விண்குப்பை அகற்றும் அஸ்ட்ரோஸ்கேல் 2013-இல் தொடங்கியது சிங்கப்பூரில்தான். பிறகு தலைமையகம் ஜப்பானுக்குப் போய்விட்டது.

ஐந்தாம் படி: யாருடைய ராக்கெட், யாருடைய சட்டம்

ராக்கெட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கூடவே ஒரு நாட்டின் சட்டத்தையும் தேர்ந்தெடுக்கிறீர்கள். விலைப்பட்டியலில் இது இருக்காது.

அமெரிக்காவில் 1984-லேயே வணிக ஏவுதலுக்குச் சட்டம் வந்துவிட்டது. விமானப் போக்குவரத்தைப் பார்க்கும் எஃப்ஏஏதான் ராக்கெட்டுக்கும் உரிமம் கொடுக்கிறது, உள்ளே போகும் கோளையும் பரிசீலிக்கிறது. அங்கே ஆபத்தைப் பங்கிடும் முறை சுவாரஸ்யமானது. விபத்து நடந்தால் அதிகபட்சம் எவ்வளவு சேதமாகக்கூடும் என்று அரசு கணக்கிட்டுச் சொல்லும், ஏவும் நிறுவனம் அந்தத் தொகைக்கு, உச்சவரம்பு 50 கோடி டாலர், காப்புறுதி எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு எல்லைவரை அரசே ஏற்றுக்கொள்ள வழி உண்டு. காப்புறுதி நிறுவனங்களுக்கு ஒரு எல்லை தெரிந்தது, தவணைத் தொகை கட்டுக்குள் நின்றது, தொழிலும் வளர்ந்தது. பணமாகக் கொடுக்காமலே கொடுத்த உதவி அது.

இந்தியாவில் ஏவுதலை விற்பது நியூஸ்பேஸ் இந்தியா நிறுவனம், தனியாருக்கு அனுமதி தருவது இன்-ஸ்பேஸ். 2020-இல் கதவு திறந்தது, 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது, 2024 மே மாதத்தில் இன்-ஸ்பேஸ் தன் நெறிமுறைகளைப் புத்தகமாகவே போட்டது. சென்னையின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்தே ஒரு சோதனை ராக்கெட்டை ஏவியது. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் புது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து நேர் தெற்கே கடல்தான், இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. குலசை என்றால் தசரா மட்டும் நினைவுக்கு வந்த காலம் போய்விட்டது.

எந்த நாடாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு காப்புறுதிகளைப் பிரித்துப் பாருங்கள். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது ஒன்று, உங்கள் கோளே போய்விட்டால் கிடைப்பது இன்னொன்று. முன்னது பெரும்பாலும் ஏவுபவர் கணக்கில் வரும். பின்னது உங்கள் பாடு. 2025 மே மாதம் நம்பகமான பிஎஸ்எல்விகூட மூன்றாம் கட்டத்தில் தவறியது.

ஆறாம் படி: பெட்டி கிளம்பும் நாள்

சட்டம் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு ஒட்டுத்தாளால் கோள் நின்றுபோகும். நான் பார்த்த முதல் கோளுக்கு நடந்தது அது. சாங்கி சரக்கு வளாகம், இரவு ஒன்பது மணி. கறுப்பு நிறக் கெட்டிப் பெட்டி, உள்ளே நுரைமெத்தையில் கோள், சுங்கத்தின் டிரேட்நெட் தளத்தில் வாங்கிய அனுமதி எண் கையில், ஏவும் நாட்டின் இறக்குமதித் தாள் கையில். பணியாளர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “பேட்டரி லேபிள் எங்க?” உள்ளே லித்தியம் பேட்டரி. யூஎன் 3481 என்ற எண்ணோடு ஒட்ட வேண்டிய ஒட்டுத்தாளை ஒட்டாதது எங்கள் தவறு. பெட்டி மறுநாள் போனது. மறுநாள் போனதால், கோளை ராக்கெட்டோடு பொருத்தும் ஒருங்கிணைப்புக் கூடத்தில் எங்கள் முறை தவறி, கடைசி ஆளாக நின்றோம். இப்போதெல்லாம் என் பையில் ஒட்டுத்தாள் ஒரு சுருள் எப்போதும் இருக்கும்.

கடைசிப் படி: கீழே கொண்டுவருவது

கோள் பாதைக்குப் போனதும் அதன் விவரங்கள் அரசு வழியாக ஐநாவுக்குப் போக வேண்டும். பதிவு செய்த நாட்டுக்குத்தான் அந்தக் கோளின்மேல் அதிகாரம். உங்கள் வேலை, பாதை எண்களைச் சரியாக, காலத்தோடு கொடுப்பது.

அதன்பின் குப்பைக் கணக்கு. வேலை முடிந்த கோள் 25 ஆண்டுக்குள் கீழே வர வேண்டும் என்பது பழைய வழக்கம். எஃப்சிசி 2022-இல் அதை 5 ஆண்டாகக் குறைத்தது. சொன்னபடி கோளை அப்புறப்படுத்தாத டிஷ் நிறுவனத்துக்கு 2023-இல் ஒன்றரை லட்சம் டாலர் அபராதமும் போட்டது. விண்குப்பைக்காக எஃப்சிசி போட்ட முதல் அபராதம் அது. சிங்கப்பூர் 2022 மார்ச் 28-இல், விண்வெளியில் நாடுகள் எப்படி நடந்துகொள்வது என்று அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டில் 18-வது நாடாகக் கையெழுத்திட்டது. அதிலும் குப்பையைக் குறைப்பது ஒரு கடமை. டிஎஸ்-சாரை விட்டுவந்த பிஎஸ்எல்வியின் நாலாம் கட்டத்தை இஸ்ரோ வேண்டுமென்றே சுமார் 300 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கிவிட்டது, சீக்கிரம் எரிந்துபோகட்டும் என்று. நீங்கள் 5 ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டு பாதையைத் தேர்ந்தெடுங்கள். 500 கிலோமீட்டர் பக்கத்தில் சின்னக் கோள் காற்றின் இழுவையிலேயே சில ஆண்டுகளில் இறங்கிவிடும். 700-க்குப் போனால் உந்துபொறி இல்லாமல் நடக்காது, உந்துபொறி வைத்தால் மறுபடி மூன்றாம் படிக்குப் போக வேண்டும்.

அந்தத் தம்பிகள் வேறு பட்டைக்கு ரேடியோ மாற்றிக்கொண்டு, ஏவும் தேதியைப் பதினாலு மாதத்திலிருந்து இருபத்தாறு மாதத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஐஎம்டிஏவுக்கான விண்ணப்பத்தோடு இன்னொரு கடிதமும் அவர்கள் கோப்பில் தயாராக இருக்கிறது: கோள் எரிந்துவிட்டது, அலைவரிசையைத் திருப்பி ஒப்படைக்கிறோம் என்று. தேதி மட்டும்தான் காலி.